மூன்றாம் தவணை

பேலியகொடை மீன்சந்தையிலிருந்து
ஐஸ் லொறியில் திரும்பியிருந்தான் யோகமலரின் புருஷன்.
மறுநாள் காலை பீ.எச்.ஐ. வந்தார்,
கையில் சிவப்பெழுத்து நோட்டீஸ், ஒரு டப்பா பசை.
“இந்த வீட்டார் பதினான்கு நாள் வெளியேறக் கூடாது.”
கதவில் ஒட்ட வேண்டுமாம்.
முன்னால் பார்த்தார்,
சுற்றிப் பின்னாலும் போய்ப் பார்த்தார்.
நிலை இல்லை. கதவு இல்லை.
வாசல் என்று நாங்கள் சொல்லுகிற இடத்தில்
நீலத் தறப்பாள் ஒன்று
கொட்டியாரக்குடாக் காற்றுக்கு
வயிறு ஊதிக்கொண்டிருந்தது.

கட்டைபறிச்சானுக்கு அப்பால், எங்கள் திட்டத்தில்
முப்பத்தெட்டு வீடு.
எல்லாம் லிண்டல் மட்டத்தில் நிற்கிறது,
கழுத்துவரை வளர்ந்து
தலை வைக்க மறந்துபோனதுபோல்.
அத்திவாரத்துக்கு முதலாம் தவணை வந்தது.
சுவருக்கு இரண்டாம் தவணை.
கூரைக்கும் கதவுக்கும் உரியது
ஆட்சி மாறிய மாதத்தில்
எந்த மேசையிலோ இறங்கி நின்றுவிட்டது.

தவணை.
அவர்கள் எங்களுக்குத் தரவேண்டியதற்கும் அதுதான் பெயர்,
கிழமைக்கடன்காரனுக்கு நாங்கள் கட்டவேண்டியதற்கும்
அதுதான் பெயர்.
முந்தியதற்கு எங்கள் ஊர் வழி தெரியாது.
பிந்தியது ஊரடங்கிலும் மோட்டார் சைக்கிளில் வரும்.
ஆறு மாதச் சலுகை என்று ரேடியோ சொன்னதாம்.
சலுகை முடியப் பார்த்தால்
வட்டி ஆறு மாதமாய்க் குட்டி போட்டிருந்தது.

நான் சங்கத்தின் செயலாளர்.
பதினோரு மாதத்தில் இருபத்தாறு கடிதம்.
பிரதேச செயலகம், வீடமைப்பு அதிகார சபை, கச்சேரி.
பதில் வந்ததெல்லாம் ஒரே வரி:
“குறித்த கட்டடங்கள் பூர்த்தியடையாமையால்
வீடு எனும் வரையறைக்குள் அடங்கா.”
வீடு இல்லை, ஆகவே வீட்டுக்கடனின் மிச்சம் இல்லை.
மிச்சம் இல்லை, ஆகவே வீடு இல்லை.
செக்குமாடு கூட இடைக்கிடை நிற்கும்.

“வீட்டிலேயே இருங்கள்” என்று
ஒலிபெருக்கி கட்டிய ஜீப்
இறால்பாலம் தாண்டி வந்த நாளில்
எங்கள் பெண்கள் சிரித்தார்கள்.
“கூரையை அனுப்பு, இருக்கிறோம்” என்று
ஜீப்பின் புழுதிக்குச் சொன்னாள் குலமணி.

பீ.எச்.ஐ. கடைசியில் சுவரிலேயே ஒட்டினார்.
பூசாத சுவர், உப்புப் பூத்த கல்; தாள் பிடிக்கவில்லை.
நாலு மூலைக்கும் பசையை அப்பி
உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நெடுநேரம் நின்றார்,
காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல்.
பிறகு கோடிட்ட இடத்தில் எழுதினார்:
வீட்டு இலக்கம் 17.

வீடு.
அந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டேன்.
படம் எடுத்தேன்.
அன்றிரவே இருபத்தேழாவது கடிதம்:
“ஐயா, அரசாங்கம் இதை வீடென்று எழுதிவிட்டது,
முத்திரையும் இருக்கிறது.
வெளியேறாமல் அடைக்க இது வீடென்றால்
கூரை போடவும் இது வீடுதான்.”
கோபத்தில் வல்லின றகரம் விழுந்து
கூரை, கூறையாகிவிட்டது.
சங்கமே சேர்ந்து
கலியாணச் சேலை கேட்டதுபோல.
திருத்தவில்லை, அப்படியே அனுப்பினேன்.

பதினான்கு நாளும்
யோகமலருக்கு அரிசியும் தேங்காயும்
வேலிக்கு மேலால் போயின.
அவள் புருஷனுக்கு ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது.
கிடந்தபடியே
தகரத்து ஓட்டைகளை எண்ணி முடித்திருந்தான்:
நூற்றுப் பன்னிரண்டு. அதையும்
இருபத்தெட்டாவது கடிதத்தில் சேர்த்தேன்.

தை பிறந்து இரண்டாம் கிழமை
தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் வந்தார்,
மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்.
“அந்த நோட்டீஸ் எங்கே?”

மார்கழி மழை கொண்டுபோய்விட்டது.
சுவரில் நாலு பசைத்தடம்.
காட்டினேன்.
குனிந்து பார்த்தார்.
டேப்பை இழுத்து, தறப்பாளை ஒதுக்கி,
கதவில்லாத வாசலை அளந்தார்:
மூன்றடி, ஆறே முக்கால்.
கொப்பியில் குறித்துக்கொண்டார்.
பென்சிலால்தான்.